கதவும் மட்கார்டும் பானெட்டும்: பழைய காரில் இடைவெளிகளைச் சீராக்கும் வேலை

புதுப்பித்த பழைய கார் ஒன்றைப் பார்க்கப் போனால் நான் முதலில் பெயின்டைப் பார்ப்பதில்லை. காரின் பின்மூலையில் நின்று குனிந்து, பக்கவாட்டில் ஓடும் கோடுகளைப் பார்ப்பேன். முன் மட்கார்டில் தொடங்கும் மடிப்பு கதவைத் தாண்டிப் பின்பக்கம் வரை ஒரே ஓட்டமாகப் போகிறதா? கதவைச் சுற்றியுள்ள இடைவெளி மேலே இருக்கிற அளவுக்கே கீழேயும் இருக்கிறதா? இவை சரியாக இருந்தால், வெளியே தெரியாத இடங்களிலும் அந்த வண்டியில் ஒழுங்காக வேலை நடந்திருக்கும் என்று நம்பலாம். கதவின் இடைவெளி மேலே ஒடுங்கிக் கீழே அகன்று இருந்தால், பளபளப்பு எவ்வளவு இருந்தாலும் என் மனம் ஒப்பாது.

கதவைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுபவர்கள் நிறைய. பெயின்ட் முடிந்து, கண்ணாடி போட்டு, சீட்டும் மாட்டியபிறகு கதவு கீழே இடிக்கிறது என்று ஸ்பேனரை எடுப்பார்கள். அந்த நேரத்தில் செய்யக்கூடியது மிகக் கொஞ்சம். பாடி வெறும் தகடாக நிற்கும்போதே, பட்டி பார்ப்பதற்கு முன்பே, எல்லாத் தகடுகளையும் ஒருமுறை முழுசாக மாட்டிப் பொருத்தி முடித்துவிட வேண்டும். பிறகு கழற்றிப் பெயின்ட் அடித்து மறுபடி மாட்ட வேண்டும். இரண்டு தடவை வேலைதான். ஆனால் வேறு வழி எனக்குத் தெரிந்து கிடையாது.

எவ்வளவு இடைவெளி விடுவது என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். இன்றைய கார்களில் 3 மி.மீ., 4 மி.மீ. சாதாரணம். 1950, 60களின் கார்களில் 4 முதல் 6 மி.மீ. வரை இருப்பது இயல்பு. அந்தக் காலத்தில் தகடுகளைக் கையால் தட்டி, ஈயம் உருக்கி நிரப்பி, அரத்தால் ராவிப் பொருத்தினார்கள். ஒரே காரின் இடக்கதவும் வலக்கதவும் கொஞ்சம் வேறாக இருப்பதும் உண்டு. அதனால் 3 மி.மீ. வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். கண் அகலத்தை எளிதில் மன்னித்துவிடும், சரிவை மன்னிக்காது. முழு நீளத்துக்கும் 5 மி.மீ. ஓடும் இடைவெளி அழகாகத் தெரியும். 3-இல் தொடங்கி 5-இல் முடிவது கோணலாகத் தெரியும். நான் 4.5 மி.மீ. குறி வைப்பேன். அரை மி.மீ. இப்படியும் அப்படியும் போகலாம்.

நட்டைத் தளர்த்தும் முன் அளவு எடுங்கள்

என் வேலைமுறையில் இதைவிட முக்கியமானது எதுவும் இல்லை. இடைவெளியின் இரு விளிம்பிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். தகடு தகட்டில் உரசினாலும் விளிம்பு தப்பிக்கும். பிறகு 3, 3.5, 4, 5, 6 மி.மீ. துரப்பண பிட்டுகளை எடுத்து, அவற்றின் வழவழப்பான தண்டுப் பகுதியை இடைவெளியில் செருகிப் பாருங்கள். எது இழுபறியில்லாமல் ஆனால் ஆடாமல் நுழைகிறதோ அதுதான் அளவு. 15 செ.மீ.க்கு ஒரு இடமாகக் கதவைச் சுற்றி அளந்து, அங்கேயே டேப்பின்மேல் பேனாவால் எழுதுங்கள். கதவு பக்கத்துத் தகட்டைவிட வெளியே நிற்கிறதா, உள்ளே போயிருக்கிறதா என்பதையும் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் குறியுங்கள்.

எழுதி முடித்துத் தள்ளி நின்று பார்த்தால் கார் தானே பேசும். 4, 4, 5, 6, 7 என்று ஏறிக்கொண்டே போனால் ஏதோ ஒன்று சுழன்றிருக்கிறது. 4, 4, 7, 4 என்று நடுவில் மட்டும் குதித்தால் அந்த இடத்தில் விளிம்பு நசுங்கியிருக்கிறது. அதற்குக் கீலைத் தொட வேண்டியதே இல்லை, சுத்தியலும், தகட்டுக்குப் பின்னால் பிடிக்கும் இரும்புக் கட்டையான டாலியும் போதும்.

இன்னொரு விஷயத்தையும் இந்த எண்கள் சொல்லும். முன்பக்கம் கீல் வைத்த கதவு தன் கீலில் தொங்கிப்போனால், அதன் பின்பகுதி கீழே இறங்கும், மேல்பகுதி பின்னோக்கிச் சாயும். அப்போது பின் இடைவெளி மேலே ஒடுங்கிக் கீழே அகலும். முன் இடைவெளி அதற்கு நேர்மாறாக மேலே அகன்று கீழே ஒடுங்கும். இரண்டும் எதிரெதிராகச் சரிந்திருந்தால் கோளாறு கதவிலோ கீலிலோதான். பின் இடைவெளி மட்டும் மேலே ஒடுங்கியிருக்கிறது, முன் இடைவெளி சீராகவே இருக்கிறது என்றால் கதவு தன் இடத்தில் ஒழுங்காகத்தான் தொங்குகிறது. கதவு நுழையும் வாசல்தான் உருமாறியிருக்கிறது. அதாவது பாடி நடுவில் தொய்ந்து, கதவுக்கு முன்னும் பின்னும் தூணாக நிற்கும் முன்பில்லரின் உச்சியும் பின்பில்லரின் உச்சியும் ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்திருக்கின்றன. இந்த நிலையில் கீலை நகர்த்திக் கதவைச் சரிக்கட்டப் பார்த்தால் ஒரு கோணலை இன்னொரு கோணலால் மூடுகிறோம் என்றுதான் அர்த்தம்.

பாடி நேராக இருக்கிறதா

கார் எப்படி நிற்கிறது என்பதில் தொடங்க வேண்டும். ஓடும்போது எடை எங்கே தாங்குகிறதோ அங்கேயே தாங்கட்டும்: சக்கரத்தின்மேல் நிற்கலாம், இல்லையென்றால் ஆக்சிலுக்கோ சஸ்பென்ஷன் கைகளுக்கோ அடியில் ஸ்டாண்டு வைக்கலாம். பாடியின் நடுவில் ஸ்டாண்டு வைத்து அளந்தால், இறக்கியபிறகு அளவெல்லாம் மாறும். தரை மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஒரு மூலை தாழ்ந்திருந்தால் சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுங்கள். எஞ்சின் இறக்கியிருந்தால் முன்பக்கம் இலகுவாக நிற்கிறது என்பதை மறக்கக்கூடாது. கடைசிப் பொருத்தத்தின்போது எஞ்சின் உள்ளே இருப்பது நல்லது. முடியாவிட்டால் அதே எடையை அங்கே வையுங்கள்.

அடுத்தது கதவு வாசலின் மூலைவிட்டம். முன் மேல்மூலையிலிருந்து பின் கீழ்மூலைக்கு, பின் மேல்மூலையிலிருந்து முன் கீழ்மூலைக்கு என்று இரண்டு அளவு எடுத்து, மறுபக்க வாசலின் அதே அளவுகளோடு ஒப்பிடுங்கள். அளவு டேப் வளைந்து ஏமாற்றும். ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும் இரண்டு குச்சிகளைச் சேர்த்துப் பிடித்து, நீளத்தைப் பூட்டி, அப்படியே மறுபக்கம் கொண்டுபோய் வைத்துப் பார்ப்பது துல்லியம். இரு பக்கமும் 3 மி.மீ.க்குள் ஒத்துப்போனால் நான் மேலே நகர்வேன். அதற்கு மேல் வித்தியாசம் என்றால் கதவு வேலை நின்றுவிடும், பாடி வேலை தொடங்கும்.

தனிச் சேசிஸ் உள்ள காராக இருந்தால், பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் மெத்தைகளைப் பாருங்கள். ஒரு மெத்தை நசுங்கிப் போயிருந்தால்கூடப் பில்லர் சாயும். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் பாடி முழுதும் தரைத்தட்டின்மேல் சுற்றிலும் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும், நடுவில் ரப்பர் கேஸ்கெட் ஓடும். அந்த கேஸ்கெட்டோடு எல்லா போல்ட்டையும் இறுக்கியபிறகு வரும் கதவு இடைவெளிதான் உண்மையான இடைவெளி. பாடியைத் தனியாகத் தூக்கி வைத்துவிட்டுக் கதவு பொருத்துவது வீண் உழைப்பு.

துருப்பிடித்த அடிப்பாகம் இருக்கும் வண்டிக்கு இது இன்னும் கூர்மையாகப் பொருந்தும். கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் பெட்டித்தகடு, அடிப்பெட்டி என்று வைத்துக்கொள்வோம், சேசிஸ் இல்லாத கார்களுக்கு அதுதான் முதுகெலும்பு. மேற்கூரை இல்லாத திறந்த காரில் பாரம் பெரும்பாலும் அதன் தலையில்தான். 1962-இல் வந்த எம்ஜிபி, மோரிஸ் மைனரின் திறந்த மாடல் எல்லாம் இந்த வகை. அடிப்பெட்டியை வெட்டும் முன் முன்பில்லருக்கும் பின்பில்லருக்கும் நடுவே சதுரக்குழாய் வைத்து, மேலும் கீழும் குறுக்காகவும் வெல்டு அடித்து வாசலைப் பூட்டுங்கள். கதவைத் திறந்து மூடும்படி குழாயை உட்புறமாகப் போட்டால் வேலை நடக்க நடக்கக் கதவை மாட்டிப் பார்க்கலாம். நான் அப்படித்தான் செய்வேன். ஒரு பக்கத்தை முழுதும் முடித்தபிறகே மறுபக்கத்தை வெட்டுவேன்.

முன்பே தொய்ந்துவிட்ட பாடி என்றால், பூட்டுவதற்கு முன்பு தூக்க வேண்டும். நடுவில், நீளமான கனத்த மரக்கட்டையை அடியில் கொடுத்து, இரு பக்கமும் ஒரே சீராக ஜாக்கியை ஏற்றுங்கள். ஒரு கால்சுற்று, பிறகு கதவைச் சுற்றி அளவு. இன்னொரு கால்சுற்று, மறுபடி அளவு. பின் இடைவெளி மேலும் கீழும் ஒன்றாகிற இடத்தில் நிறுத்தி, அங்கே குழாயை வெல்டு அடியுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் யாரும் போகக்கூடாது. ஸ்டாண்டு எப்போதும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

புதுத் தகடு போடும்போது அதை முதலில் கவ்விகளாலும் திருகாணிகளாலும் பிடித்துவைத்து, கதவை மூடிப் பார்த்து, பிறகு வெல்டு அடியுங்கள். கடையில் வாங்கும் மறுதயாரிப்புத் தகடு பழையதைப் போலவே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கழற்றிய பழைய தகட்டை வண்டி முழுதும் முடியும்வரை தூக்கிப்போடாதீர்கள். எவ்வளவு துருப்பிடித்திருந்தாலும் அதில் எங்கோ ஒரு ஓரத்தில் சரியான வளைவு மிச்சம் இருக்கும். அட்டை வைத்து அந்த வளைவை வெட்டி எடுத்துக்கொள்ளலாம். வெல்டு ஆறும்போது தகடு சுருங்கி இழுக்கும் என்பதால் ஒரே மூச்சில் ஓட்டாமல், இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு என்று மாற்றி மாற்றி வைத்து ஆறவிடுங்கள்.

கீல்

கதவைப் பாதி திறந்து, அதன் பின்முனையைப் பிடித்து மெல்லத் தூக்கிப் பாருங்கள். கீலில் ஆட்டம் தெரிந்தால் இன்றைக்கு வேறு எதையும் சரிசெய்ய வேண்டாம். கீலின் அச்சாணியும், அது சுழலும் புஷ் என்ற வளையமும் தேய்ந்திருக்கின்றன, அவற்றை மாற்றிவிட்டு வாருங்கள். தேய்ந்த கீலில் பொருத்திய கதவு சில மாதங்களில் பழைய இடத்துக்கே போய்விடும். பில்லரில் கீல் பிடிக்கும் இடம் வெடித்திருக்கிறதா, அங்கே உள்ளே இருக்கும் நட்டுத்தகடு துருவில் மூழ்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். பல கார்களில் அந்த நட்டுத்தகடு ஒரு கூண்டுக்குள் நகரும்படி இருக்கும். நகர்வதற்காகத்தான் அதை அப்படி வைத்தார்கள். துரு இறுகியிருந்தால் ஊறவைத்துத் தட்டி அசைத்தபிறகே அளவு திருத்த முடியும்.

இப்போது மூன்று பொருட்களைக் கழற்றி வையுங்கள்: கதவைச் சுற்றியுள்ள பீடிங் ரப்பர், கதவு அளவுக்கு மேல் திறக்காமல் பிடிக்கும் பட்டை, பில்லரில் லாக்கைப் பிடித்துக்கொள்ளும் ஸ்ட்ரைக்கர். இவை மூன்றும் கதவைத் தங்கள் பக்கம் இழுக்கும் அல்லது தள்ளும். குறிப்பாக ஸ்ட்ரைக்கர் கொஞ்சம் உயரத்தில் இருந்தால், தொங்கும் கதவை மூடும்போதெல்லாம் அது தூக்கி நிறுத்தும். மூடியபிறகு கோடு நேராகத் தெரியும். ஆனால் கீலும் லாக்கும் தேய்ந்துகொண்டே இருக்கும்.

கதவுக்குள் இருக்க வேண்டிய கண்ணாடி, அதை ஏற்றி இறக்கும் பொறி, லாக் எல்லாம் உள்ளே இருக்கட்டும். வெற்றுக் கதவைப் பொருத்திவிட்டுப் பிறகு கண்ணாடி போட்டால் அந்த எடையில் பின்முனை இறங்கும்.

கீல் இரண்டு இடத்தில் பிடிக்கப்பட்டிருக்கும்: ஒரு தட்டு பில்லரில், இன்னொன்று கதவில். எந்தப் பக்கத்து போல்ட் எந்தத் திசைக்கு இடம் கொடுக்கும் என்பது காருக்குக் கார் மாறும். ஒரு பக்கம் மேல்-கீழும் முன்-பின்னும் என்றால், மறுபக்கம் பெரும்பாலும் உள்-வெளி. முதலில் இதைக் கண்டுபிடியுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒரு திசையை மட்டும் தொடுங்கள். எல்லா போல்ட்டையும் ஒரே சமயத்தில் தளர்த்தினால் கதவு கையில் வந்துவிடும், எங்கே தொடங்கினோம் என்ற குறியும் போய்விடும். தளர்த்தும் முன் கீல் தட்டைச் சுற்றிக் கூரான ஊசியால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மேல்கீலுக்கும் கீழ்கீலுக்கும் நடுவே 40 செ.மீ. இருக்கிறது, கதவின் நீளம் 1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மேல்கீலை மட்டும் 1 மி.மீ. முன்னோக்கி நகர்த்தினால் பின்முனை 2.5 மி.மீ. உயரும். 100-ஐ 40-ஆல் வகுத்தால் வரும் பெருக்கம் அது. பின்முனை 3 மி.மீ. தொங்குகிறது என்றால் கீலில் தேவைப்படுவது 1 மி.மீ.க்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். பலர் 3 மி.மீ. தொங்குகிறதே என்று கீலிலும் 3 மி.மீ. நகர்த்திவிட்டு, கதவு மேலே போய் முட்டுகிறது என்று திகைப்பார்கள். கீழ்கீலைப் பின்னோக்கி நகர்த்தினாலும் பின்முனை உயரும். முன் இடைவெளி ஏற்கெனவே ஒடுக்கமாக இருந்தால் அந்த வழிதான் நல்லது.

நகர்த்த இடமில்லாத கீலுக்கு ஷிம், அதாவது மெல்லிய தகட்டுத் துண்டு, வைக்க வேண்டும். பில்லரின் பின்னோக்கிய முகத்தில் பிடிக்கும் கீலுக்குப் பின்னால் ஷிம் வைத்தால் கதவு பின்னே போகும். பில்லரின் வெளிமுகத்தில் பிடிக்கும் கீல் என்றால் அதே ஷிம் கதவை வெளியே தள்ளும். கையில் இருக்கும் ஷிம்மைச் செருகும் முன், கீல் எந்த முகத்தில் நிற்கிறது என்று பாருங்கள். பின்பக்கம் கீல் வைத்த பழைய முன்கதவுகளுக்கு மேலே சொன்ன முன்-பின் எல்லாம் தலைகீழ்.

கதவு கனமானது, விளிம்பு கூரானது. கீல் வேலையின்போது இன்னொருவர் துணை வேண்டும். தனியாகத்தான் என்றால், ஜாக்கியின் தலையில் மரக்கட்டை வைத்து, அதன்மேல் தடித்த துணி போட்டு, கதவின் அடியில் எடை சமமாகும் இடத்தில் தாங்கக் கொடுங்கள். மூடும்போது விரலை இடைவெளியில் வைக்கக்கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

எங்கிருந்து தொடங்குவது

நகர்த்தவே முடியாத தகட்டிலிருந்து தொடங்க வேண்டும். பெரும்பாலான கார்களில் அது வெல்டு அடித்து நிற்கும் பின்பக்கத் தகடு. நான்கு கதவு வண்டியென்றால் பின்கதவை அந்தத் தகட்டுக்கும் அடிப்பெட்டிக்கும் பொருத்தி முடியுங்கள். பிறகு முன்கதவைப் பின்கதவுக்கு. பிறகு மட்கார்டை முன்கதவுக்கு. பிறகு பானெட்டை மட்கார்டுகளுக்கு. முன்னிருந்து பின்னே வந்தால், சேர்ந்துவந்த பிழை முழுதும் நகராத தகட்டில் வந்து முட்டி நிற்கும்.

ஒவ்வொரு கதவுக்கும் முதலில் உயரம், அதன்பின் முன்-பின், கடைசியில் உள்-வெளி. உயரத்தை அடிப்பெட்டியின் இடைவெளியைவிட மடிப்புக் கோட்டை வைத்து முடிவு செய்யுங்கள். பத்தடி தூரத்திலிருந்து பார்ப்பவர் கண்ணில் படுவது அந்தக் கோடுதான். இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் கோட்டுக்கு முதலிடம் கொடுத்து, அடி விளிம்பைத் தனியாகத் திருத்தலாம்.

உள்-வெளி மட்டத்துக்கு ஒரு விதி வைத்திருக்கிறேன். காற்று முன்னிருந்து பின்னே வழுக்கிப் போகிறது. பின்னால் இருக்கும் தகட்டின் முன்விளிம்பு வெளியே துருத்தினால் அங்கே காற்று மோதிச் சத்தம் போடும். அதனால் ஒரு நூலிழை வித்தியாசம் தவிர்க்க முடியாது என்றால், முன்னால் இருக்கும் தகடு அரை மி.மீ. வெளியே நிற்கட்டும். மட்கார்டைவிடக் கதவின் முன்விளிம்பு ஒரு இழை உள்ளே, கதவின் பின்விளிம்பைவிடப் பின்தகடு ஒரு இழை உள்ளே.

சில கதவுகள் நாலு பக்கமும் இடைவெளி சரியாக வந்தபிறகும், மேல்மூலை உள்ளே அழுந்தி அடிமூலை வெளியே நிற்கும். கதவு முறுக்கியிருக்கிறது. உள்ளே போயிருக்கும் மூலையில் துணி சுற்றிய மரக்கட்டையைக் கதவுக்கும் பில்லருக்கும் நடுவே வைத்து, வெளியே நிற்கும் மூலையை முழங்காலால் சீராக அழுத்துங்கள். கொஞ்சம் அழுத்தி, கட்டையை எடுத்து, மூடிப் பாருங்கள். பழைய இரும்புத்தகடு கொஞ்ச தூரம் திரும்பி வரும், அதனால் வேண்டியதைவிடச் சற்று அதிகமாகவே அழுத்த வேண்டியிருக்கும். குத்துவது, உதைப்பது கூடாது. எம்ஜிபி கதவில், முக்கோணக் கண்ணாடிச் சட்டம் முடிகிற இடத்துக்குக் கீழே தகடு விரிசல் விடுவது பலருக்கும் தெரிந்த நோய். அப்படிப்பட்ட பலவீனம் இருந்தால் முறுக்கும் முன்பே அதை வெல்டு அடித்துவிடுங்கள்.

பீடிங் இருப்பதை மறக்கக்கூடாது

ரப்பர் இல்லாமல் அற்புதமாகப் பொருந்திய கதவு, புது பீடிங் ஒட்டியதும் 2, 3 மி.மீ. வெளியே வந்து நிற்கும். பீடிங் உட்காரும் ஓரத்தில் களிமண் போல மெத்தென்ற மாடலிங் கிளேயைச் சின்னச் சின்ன உருண்டைகளாக, மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஒட்டுங்கள். கதவை மூடித் திறந்து, நசுங்கிய கிளேயின் தடிமனை அளங்கள். ரப்பருக்குக் கிடைக்கும் இடம் எவ்வளவு என்று சுற்றிலும் தெரிந்துவிடும். ஒரு இடத்தில் 8 மி.மீ., இன்னொரு இடத்தில் 3 மி.மீ. என்றால் உள்ளே இருக்கும் ஓரத்தகடு வளைந்திருக்கிறது. அதைப் பெயின்டுக்கு முன்பு இடுக்கியால் நேராக்கிவிட்டால் பின்னால் தண்ணீர் ஒழுகாது. ரப்பர் தடிமனாக இருக்கிறது என்பதற்காகக் கீலை வெளியே நகர்த்தவே கூடாது. மென்மையான ரப்பராகத் தேடுங்கள், மாட்டியபிறகு கதவை மூடியே வைத்திருங்கள், நாளாக நாளாக அமுங்கும்.

மட்கார்டு, பானெட், டிக்கி

மட்கார்டின் எல்லா போல்ட்டையும் விரலால் சுற்றி மட்டும் நிறுத்துங்கள். கதவுப் பக்கத்து இடைவெளியில் உங்கள் அளவுக்கான பிட்டுகளை மேலும் கீழும் செருகி வைத்துக்கொண்டு, கதவுக்கு அருகே இருக்கும் போல்ட்டிலிருந்து இறுக்கத் தொடங்கி முன்னே போங்கள். ஓட்டைகள் போல்ட்டைவிடப் பெரிதாக இருப்பது நகர்த்துவதற்கே. உயரமோ அகலமோ வேண்டிய இடத்தில், வாய் திறந்த ஷிம்களைப் போல்ட்டைக் கழற்றாமலே செருகலாம். இறுக்கியதும் கதவை மெல்லத் திறந்து பாருங்கள். கீல் உள்ளடங்கிய கார்களில், திறக்கும்போது கதவின் முன்விளிம்பு மட்கார்டுக்குள் சுழன்று போகும். மூடியபோது இடைவெளி நன்றாகத் தெரிந்தாலும் திறக்கையில் உரசலாம். டேப்பில் கீறல் விழுகிறதா என்று பார்த்தால் போதும். பீட்டிலில் மட்கார்டுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு ரப்பர் பட்டை வரும். அதை வைத்தே இறுக்கிப் பாருங்கள்.

பானெட்டை முதல்தடவை மூடும்போது அதன் லாக்கைக் கழற்றி வைத்துவிட வேண்டும். லாக் சிக்கிக்கொண்டு திறக்க முடியாமல் போனால் பெரிய தலைவலி. பின்விளிம்பு கண்ணாடிக்கு முன்னுள்ள தகட்டில் இடிக்காமல் இறங்குகிறதா என்று ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். கீலில் முன்-பின்னும் இட-வலமும் வைத்து இடைவெளி. பின்பக்க உயரமும் கீலில்தான். முன்பக்க உயரம் மூலைகளில் இருக்கும் ரப்பர் முட்டுகளில். அவற்றைத் திருகி ஏற்றி இறக்கி மட்கார்டோடு மட்டமாக்குங்கள். லாக் கடைசியில். லாக்கால் பானெட்டை இழுத்துப் பிடித்து மட்டமாக்குவது சரியான முறை இல்லை. 1961-இல் வந்த ஜாகுவார் இ-டைப் மாதிரி முன்பக்கமே முழுதாக முன்னோக்கிக் கவிழும் பானெட்டுக்குக் கதை வேறு. அங்கே கீல் முன்னால், பார்க்க வேண்டிய கோடு பின்னால். கீலில் ஒரு சிறு நகர்வு கதவுப் பக்கம் பெரிதாகத் தெரியும்.

டிக்கிக்குத் தனியாகச் சொல்ல அதிகமில்லை. பானெட்டின் முறையேதான், திசைதான் மாறும்.

விளிம்பைக் கூட்டுவதும் குறைப்பதும்

எல்லாம் நகர்த்தி முடித்தும் ஓரிடத்தில் 7 மி.மீ. நிற்கிறது என்றால் விளிம்பில் இரும்பு சேர்க்க வேண்டும். அங்கே பட்டி வைத்து நிரப்பக்கூடாது. கதவை அடித்து மூடும் முதல் வாரத்திலேயே உடைந்து விழும். 1.6 அல்லது 2.4 மி.மீ. மெல்லிரும்புக் கம்பியை விளிம்பை ஒட்டிப் பிடித்து, 3 செ.மீ.க்கு ஒரு பொட்டாக மாற்றி மாற்றி வெல்டு அடித்து, பொட்டுகளை இணைத்து, அரைத்து வழவழப்பாக்குங்கள். பிட்டை இடைவெளியில் ஓட்டிக்கொண்டே அரைத்தால் அளவு தவறாது.

குறைப்பதுதான் ஆபத்து. கதவின் வெளித்தகடு உள்சட்டத்தைச் சுற்றி மடித்து அழுத்தப்பட்டிருக்கும். அந்த மடிப்பின் முதுகை அரைத்தால் ஒரு கட்டத்தில் மடிப்பு திறந்து இரண்டு தகடும் தனித்தனியாகிவிடும். முதலில் டாலியைப் பின்னால் பிடித்து மடிப்பைத் தட்டி நெருக்கிப் பாருங்கள். அதிலும் போதவில்லை என்றால் மடிப்பின் ஓரத்தைத் தொடர்ச்சியாக வெல்டு அடித்து மூடிய பிறகே அரைக்கலாம்.

பழைய காரில் மென்மையான, சாம்பல்நிறப் பூச்சு ஒன்று தகட்டின் சேர்மானங்களில் தென்பட்டால் அது தொழிற்சாலையில் வைத்த ஈயம். அதை மெஷின் வைத்துத் தேய்க்காதீர்கள், தூசு நுரையீரலுக்குப் போகும். அரத்தால் ராவி, துகளைச் சேகரித்து, கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடப் போங்கள்.

பெயின்டுக்கும் இடம் விடுங்கள்

பிரைமர், நிறம், மேல்பூச்சு எல்லாம் சேர்ந்து ஒரு விளிம்பில் கால் மி.மீ. வரை ஏறலாம். இடைவெளிக்கு இரண்டு விளிம்பு, ஆக அரை மி.மீ. போய்விடும். வெறும் தகட்டில் 5 வைத்தால்தான் பெயின்டுக்குப்பின் 4.5 கிடைக்கும்.

கழற்றும் முன் ஒவ்வொரு கீல் தட்டையும் அதன் பின்னுள்ள தகட்டையும் சேர்த்து 3 மி.மீ. ஓட்டை இரண்டு போடுங்கள். திரும்ப மாட்டும்போது அந்த ஓட்டைகளில் அதே அளவு பிட்டைச் செருகி நிறுத்தினால் கீல் பழைய இடத்தில் துல்லியமாக உட்காரும். ஷிம்களைக் கீலுக்கு ஒன்றாகக் கட்டி, எந்தக் கீல், எந்தப் பக்கம் என்று சீட்டு எழுதிப் போடுங்கள். பெயின்ட் அடிப்பவரிடம் கீல் உட்காரும் முகத்தில் தடிமனாக அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

திரும்ப மாட்டியபிறகு ஸ்ட்ரைக்கர் வேலை. அதன் திருகுகளை, தட்டினால் நகரும் அளவுக்கு மட்டும் இறுக்கி, வெளிக் கைப்பிடியைப் பிடித்தபடியே கதவை மெல்ல மூடுங்கள். லாக் அதைத் தன் இடத்துக்கு நகர்த்திக்கொள்ளும். அசைக்காமல் திறந்து இறுக்குங்கள். மூடும்போது மடிப்புக் கோட்டைப் பாருங்கள்: கடைசி ஒரு அங்குலத்தில் கதவு எழும்பவோ இறங்கவோ கூடாது. லாக்கில் இரண்டு கட்டம் உண்டு என்றால் இரண்டாவது சத்தமும் கேட்க வேண்டும். முதல் கட்டத்திலேயே நின்றுகொண்டு கோடு நேராகத் தெரியும் கதவு ஓடும்போது திறந்துகொள்ளலாம். திறந்த காராக இருந்தால் இரண்டு பேரைச் சீட்டில் உட்காரவைத்து, மறுபடி கதவுகளைத் திறந்து மூடிப் பாருங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் கீல் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கிவிட்டு, அதே பிட்டுகளால் சுற்றி அளந்து, டேப்பில் எழுதி வைத்திருந்த எண்களோடு ஒப்பிடுங்கள். அந்த டேப்பைக் கழற்றும்போது ஒரு தாளில் வரிசையாக ஒட்டிப் பத்திரப்படுத்தியிருந்தால் அப்போது கைகொடுக்கும்.